மரியபுஷ்பத்தின் ஆறாத வாஃபிள்

எங்கள் கூட்டுப்பாறையில் ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு வாஃபிள் ஆறாமலே இருந்தது என்று சொன்னால், கீழ்நாட்டுக்காரர்கள் முதலில் கேட்பது ஆறாமல் எப்படி இருக்கும் என்று அல்ல, வாஃபிள் என்றால் என்ன என்றுதான். ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மைதாவும் முட்டையும் பாலும் வெண்ணெயும் சேர்த்துக் கலக்கிய மாவை, உள்பக்கம் கட்டம் கட்டமாக அச்சு வெட்டிய இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் ஊற்றி, மூடி, அடுப்பில் திருப்பித் திருப்பிப் போட்டுச் சுட்டால் வருவது வாஃபிள். மேலே மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருக்கும், குழிகளில் தேனோ பழச்சாறோ தேங்கி நிற்கும், கொடைக்கானல் டவுனுக்கு வருகிற டூரிஸ்டுகள் அதை முதலில் போட்டோ எடுத்துவிட்டுப் பிறகு தின்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்த மாத்திரத்தில் ஜன்னல் ரொட்டி என்று பேர் வைத்தார்கள், இன்றைக்கும் அதுதான் பேர்.

அதைச் சுட்டவள் மரியபுஷ்பம். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் கேரட்டும் பீன்ஸும் போட்டு, ஓரமாகக் கொஞ்சம் ஸ்ட்ராபெரி பாத்தியும் வைத்து, யாரிடமும் போய் நிற்காமல் ஒற்றை மகளை வளர்த்து ஆளாக்கியவள். உறைபனி விழுகிற மாதங்களில் ஸ்ட்ராபெரிச் செடிகளுக்குச் சாக்குப் போர்த்திவிட்டு, விடிந்ததும் பிள்ளையை எழுப்புவதுபோல ஒவ்வொரு செடியாகச் சாக்கை விலக்குவாள். அந்தப் பொம்பளையைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை வரும், அதை மறைக்கப்போவதில்லை.

மகள் பேர் விண்ணரசி. டவுனில் ஒரு லாட்ஜ் சமையலறையில் வேலை, காலை பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் திரும்புவாள். லாட்ஜில் கரண்டில் ஓடும் புது மெஷின் வாங்கியதும் பழைய வாஃபிள் இரும்பைத் தூக்கிப் போட்டார்கள். அதைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள் அவள். ஒரு பக்கத்துக் கைப்பிடி உடைந்திருந்தது. மரியபுஷ்பம் அதற்கு ஒரு பழைய அரிவாள் பிடியை மாட்டி, கம்பி கட்டி, எண்ணெய் தடவி, அடுப்பில் வைத்துப் பழக்கி எடுத்தாள். "என் பொறந்தநாளைக்குக் காலையில வீட்டுலயே செஞ்சு குடும்மா, நம்ம பழத்தைப் போட்டு" என்று கேட்டாள் மகள், முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்துகொண்டு செய்முறையையும் வாயாலேயே சொன்னாள்.

"மஞ்சக்கரு தனி, வெள்ளைக்கரு தனிம்மா. வெள்ளைக்கருவை முள்கரண்டியால அடிச்சுக்கிட்டே இருக்கணும். கிண்ணத்தைத் தலைகீழாக் கவுத்தாலும் கீழ விழக் கூடாது, அந்த அளவுக்கு."

"அம்புட்டு நேரம் அடிச்சா என் கை என்னத்துக்கு ஆகும்டி?"

"எனக்காக அடிக்க மாட்டியா?"

அப்படிக் கேட்டால் எந்தத் தாய்தான் மாட்டேன் என்பாள். விடியுமுன் எழுந்துவிட்டாள் மரியபுஷ்பம். முட்டையை உடைத்துப் பிரித்தாள். மஞ்சள் கருவில் பாலையும் உருக்கிய வெண்ணெயையும் விட்டுக் கலக்கி, மைதாவைச் சலித்துப் போட்டு, சர்க்கரை சேர்த்து, ஆப்பசோடா ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டாள். எங்கள் ஊரில் மாவு என்று ஒன்றைக் கலக்கினால் போதும், கை தானாக உப்புச் சாடிக்குப் போகும். அவள் கையும் போயிற்று, கல்லுப்பை அள்ளியது, போட்டது, கலக்கியது. அவள் மனசு பூராவும் மகள் மேல் இருந்ததால் அதை அவளே கவனிக்கவில்லை, நீங்களும் இப்போதைக்கு மறந்துவிடலாம்.

பிறகு வெள்ளைக்கருவை அடிக்க உட்கார்ந்தாள். அடித்தாள், அடித்தாள், தோள் கழன்றுவிடும்போல வலித்தும் நிறுத்தாமல் அடித்தாள். கிண்ணத்தின் சத்தம் சமையலறையை நிறைத்து, கூடத்தைத் தாண்டி, வாசல் வரைக்கும் போய்க்கொண்டே இருந்தது. நுரை கெட்டிப்பட்டு குவியல் குவியலாக நின்றதும் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள், விழவில்லை, சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டாள். நுரையை மாவில் மெதுவாக மடித்துச் சேர்த்தாள். பாத்திக்குப் போய்ப் பனி சொட்டும் பழங்களாகப் பார்த்துப் பறித்து வந்து, பாதியைச் சர்க்கரை போட்டு மசித்தாள், பாதியை வட்ட வட்டமாக நறுக்கினாள். முதல் வாஃபிள், முதல் தோசை மாதிரியே, இரும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இரண்டாவது பொன்னிறமாகக் கழன்று வந்தது. அதைத் தட்டில் வைத்து, குழிகளில் மசித்த பழத்தை நிரப்பி, மேலே துண்டுகளை அடுக்கி, "விண்ணு, எந்திரிடி, ஆறிப்போகும்" என்று கூப்பிட்டாள்.

கூடத்துக்கு வந்து பார்த்தாள். பாய் சுருட்டி வைத்திருந்தது, அவள் வேலைக்குக் கொண்டுபோகும் பச்சைப் பை ஆணியில் இல்லை, வாசல் கதவு சும்மா சாத்தியிருந்தது.

பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஜமால் ராவுத்தர்தான் வந்து சொன்னார். கேரட் ஏற்றிப்போக வருகிற வேன் டிரைவர் வைரமணி பக்கத்தில், முன்சீட்டில், பையை மடியில் வைத்துக்கொண்டு போகிறாள் பிள்ளை, வேலைக்குப் போகிற மாதிரியே தனக்குக் கையும் காட்டினாள் என்றார். மத்தியானத்துக்குள் பெரியகுளத்தில் மாலை மாற்றிக்கொண்ட சேதி வந்துவிட்டது. வைரமணி ஒன்றும் மோசமான பையன் இல்லை. கேட்டிருந்தால் மரியபுஷ்பம் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுச் சம்மதித்திருப்பாள், அது ஊருக்கே தெரியும். கேட்கவில்லை என்பதுதான் அவளைத் தின்றது.

ஊர்ப் பெண்கள் ஆறுதல் சொல்லக் கூடினார்கள். மரியபுஷ்பம் அடுப்பங்கரை மேஜையில் அந்தத் தட்டின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "போனவ போகட்டும் புஷ்பம், நீ மனசை ஆத்திக்க" என்றாள் ஒருத்தி. "நாளாக நாளாக ஆறிடும்" என்றாள் இன்னொருத்தி. மரியபுஷ்பம் தலையை நிமிர்த்தி, "ஆறாது. இது ஆறவே ஆறாது. அவ வந்து நின்னு பதில் சொல்ற வரைக்கும் ஆறாது" என்றாள்.

அவள் சொன்னது மனசை. கை இருந்தது தட்டின் மேல். வாஃபிள் தன்னைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் தட்டைக் கழுவலாம் என்று எடுத்த பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வி விரலைச் சுட்டுக்கொண்டு கீழே வைத்தாள். ஆவி பறந்துகொண்டிருந்தது. அதற்கு மறுநாளும் பறந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் போய்ப் பார்த்தபோதும், இப்போதுதான் இரும்பைத் திறந்து எடுத்ததுபோல, வெண்ணெய் வாசனையோடு, மேலே அடுக்கிய பழம் வாடாமல், அது அப்படியே இருந்தது. ராவுத்தர் குனிந்து பார்த்துவிட்டு, "வெண்ணெய் நல்ல வெண்ணெய்" என்றார். லாட்ஜ் இரும்பு வெள்ளைக்காரன் காலத்து இரும்பாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள், இல்லை, நம்ம ஊற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று சிலர் சொன்னார்கள், மாவில் தண்ணீரே சேர்க்கவில்லை என்று தெரிந்ததும் பேச்சு பீன்ஸ் விலைக்குப் போய்விட்டது. காரணம் கண்டுபிடித்து என்ன செய்வது, குளிர் அல்லவா அடிக்கிறது.

அவள் நிறுத்தவும் இல்லை. தினமும் அதே நேரத்துக்கு விழிப்புத் தட்டும். விழித்த கை சும்மா இருக்காது. முட்டையை உடைக்கும், பிரிக்கும், அதே கை அதே சாடியிலிருந்து அதே உப்பை அள்ளும், வெள்ளைக்கருவை அடிக்கும், இரும்பைச் சூடு பண்ணும். மகளுக்கு வைத்த முதல் தட்டு மேஜையிலேயே இருக்க, புதிதாகச் சுட்ட ஒவ்வொன்றும் அதேபோல ஆறாமல் வந்தது. தின்ன ஆளில்லாத வீட்டில் இத்தனை ரொட்டியை என்ன செய்வது, வருகிறவர்கள் கையில் எல்லாம் கொடுத்து அனுப்பினாள்.

தின்று பார்த்தவர்கள் எல்லோரும் நாக்கைச் சுட்டுக்கொண்டார்கள். ஊதிப் பார்த்தார்கள், தண்ணீரில் முக்கிப் பார்த்தார்கள், பனியில் போட்டுவைத்துப் பார்த்தார்கள், ஒன்றுக்கும் மசியவில்லை. அதற்காக ஊர் சும்மா இருந்துவிடுமா, என்ன ருசி, என்ன ருசி என்று ஆளாளுக்குப் புகழ்ந்தோம். ருசி தெரிந்தவர் ஒருத்தர் கூட இல்லை.

தின்ன முடியாவிட்டால் போகிறது, ஜன்னல் ரொட்டி வேறு எத்தனையோ விதத்தில் எங்களைக் காப்பாற்றியது. ராவுத்தர் பால் பாத்திரத்துக்கு அடியில் ஒன்றை வைத்தார், விறகு மிச்சமாயிற்று. மூட்டுவலிக்காரர்கள் துணியில் சுற்றி முழங்காலில் கட்டிக்கொண்டு மலையில் ஏறி இறங்கினார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஸ்வெட்டர் பைக்குள் ஆளுக்கொன்று போட்டுக்கொண்டு விறைக்காத விரலால் எழுதினார்கள், அடைகாக்க மறுத்த கோழியின் முட்டைக்கெல்லாம் ஒரு துண்டு ரொட்டி அடைகாத்தது, கோயிலில் ஃபாதர் அங்கிக்குள் ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு பிரசங்கத்தை நீட்டினார், அது ஒன்றுதான் எங்களுக்குப் பிடிக்காத பலன். மரியபுஷ்பம் தன் ஸ்ட்ராபெரிப் பாத்தியில் வரிசைக்கு ஒன்றாகப் புதைத்து வைத்தாள். உறைபனி அந்தச் சரிவை மட்டும் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது, டிசம்பர் மாதக் காலையில் அவள் கூடை கூடையாகச் சிவப்புப் பழம் பறித்தாள். தன் நெஞ்சில் எரிகிற நெருப்பை ஊர் முழுக்கப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல் நடந்தவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம் ஒரு சங்கதி நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு சின்னம்மா முறைக்காரி மரியபுஷ்பத்தின் தலையைத் தடவி, "எம் புள்ள, ஒத்தையில எம்புட்டுத் தாங்குவே" என்று சொல்லிவிட்டாள். மரியபுஷ்பம் கொஞ்சம் அழுதாள், அழுததும் கொஞ்சம் லேசானாள். அந்த நேரத்திலேயே டீக்கடைப் பாலில் ஆடை கட்டியது, முழங்கால்கள் குடைந்தன, கூடையிலிருந்த முட்டைகள் சில்லிட்டன, எல்லா வீட்டு ஜன்னல் ரொட்டியும் வெதுவெதுப்புக்கு இறங்கியது. ராத்திரி அவள் பழையபடி மகளை நினைத்துக்கொண்ட பிறகுதான் சூடு திரும்பியது.

ஊருக்குப் புரிந்துவிட்டது. யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆனாலும் அன்றோடு கூட்டுப்பாறையில் மரியபுஷ்பத்துக்கு ஆறுதல் சொல்கிற வழக்கம் நின்றுபோயிற்று. எதிரே அவள் வந்தால் சந்துக்குள் திரும்பினார்கள். அவள் கண் கலங்கினால் வானத்தைப் பார்த்தார்கள். பிரசங்கத்தில் ஆறுதல் என்ற சொல் வருகிற இடத்தில் ஃபாதர் இருமினார். அந்தச் சின்னம்மாவை மறுநாள் காலை பஸ்ஸிலேயே ராவுத்தர் அன்பாக ஏற்றிவிட்டார், முறுக்குப் பொட்டலம் கூட வாங்கிக் கொடுத்தார். போதாததற்கு, சில பேர் வேண்டுமென்றே அவள் காதுபட, "இந்நேரம் விண்ணரசி இருந்தா…" என்று ஆரம்பித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்கள். வெட்கம்கெட்ட ஊர் என்று நீங்கள் நினைத்தால் நான் மறுக்க மாட்டேன், ஒரு தடவை எங்கள் குளிரில் வந்து படுத்துப் பாருங்கள்.

மரியபுஷ்பம் ஒன்றும் விவரமில்லாதவள் இல்லை. ஒருநாள் டீக்கடையில் நேராகவே கேட்டாள்.

"ஏண்ணே, என்னைக் கண்டா எல்லாரும் ஏன் ஓடுறீக?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி, வெயிலு சுள்ளுனு அடிக்குதுல்ல, அதான் நெழலுக்கு" என்றார் ராவுத்தர். சூரியனைப் பார்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "சரிண்ணே. எனக்கும் அவசரம் இல்ல. ஆறுறப்ப ஆறட்டும்" என்று சொல்லி, அன்றைய ரொட்டிகளை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். தெரிந்தேதான் கொடுத்தாள்.

அதுவரைக்கும் விளையாட்டு. மார்கழி நடுவில் பாண்டிச்செல்விக்கு மாசம் நிறையாமலே வலி எடுத்துவிட்டது. மழையில் கீழ் வளைவில் ரோடு சரிந்து கிடந்தது, கரண்டும் இல்லை. எங்கள் ஊர் நர்ஸம்மா பிரசவம் பார்த்துப் பிள்ளையை எடுத்தார். ஆண் பிள்ளை, அணில் குட்டி அளவுதான் இருந்தது, அழவும் தெம்பில்லை. "ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டி இருக்கு, அந்தக் கதகதப்புல வெச்சா பொழைச்சுக்குவான். ரோடு தெறக்கிற வரைக்கும் உடம்பு சில்லிடாம எப்படிப் பாத்துக்கப்போறோம்" என்று கையைப் பிசைந்தார் நர்ஸம்மா. பக்கத்து வீட்டிலிருந்து மரியபுஷ்பம் புருஷனுடைய பழைய வேட்டியில் ஜன்னல் ரொட்டிகளைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். நர்ஸம்மா புறங்கையால் தொட்டுப் பார்த்து, இன்னொரு சுற்று துணி சுற்றி, பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு போட்டு, இரண்டு பக்கமும் அவற்றை அணைவாக வைத்தார். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் உதடு நீலம் மாறிச் சிவந்தது. பாண்டிச்செல்வி மரியபுஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தே" என்று மட்டும் சொன்னாள். நன்றி சொன்னால் கூட ஆறிவிடுமோ என்ற பயம் அவளுக்கு.

இந்த நிலைமையில்தான் விண்ணரசி வந்து சேர்ந்தாள்.

அம்மா செய்த வாஃபிள் இன்னும் ஆறவில்லை என்று கீழே சந்தையில் யாரோ சொல்லக் கேட்டாளாம். அவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரோடு அறுந்த இடத்தில் வைரமணியையும் வேனையும் விட்டுவிட்டு, பூண்டு மூட்டை சுமக்கும் குதிரைகள் ஏறும் பழைய தடத்தில், முழங்கால் வரை சேறோடு தனியாக ஏறி வந்தாள். சமையலறைக் கதவைத் திறந்த மரியபுஷ்பம் வேலிக்கு வெளியே மகளைப் பார்த்தாள். இளைத்திருந்தாள். செருப்பு ஒன்று அறுந்து கையில் இருந்தது. அதைப் பார்த்த தாய்க்கு அத்தனை நாள் இறுகிக் கிடந்ததெல்லாம் ஒரே நொடியில் இளக ஆரம்பித்தது, ஓரடி முன்னாலும் வைத்துவிட்டாள்.

"அத்தே! ஆறுது! ரொட்டி ஆறுது!" என்று பக்கத்து வீட்டிலிருந்து பாண்டிச்செல்வி வீறிட்டாள்.

மரியபுஷ்பம் நின்றாள். வைத்த காலைப் பின்னால் எடுத்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பேசினாள்.

"உள்ள வராதடி."

"அம்மா, தப்புதாம்மா. ஒரு வார்த்தை…"

"மன்னிப்புக் கேட்டுத் தொலைச்சிராத! இங்க ஒரு பச்சப்புள்ள என் கோவத்துலதான் உசுரோட கெடக்கு. அது தேறட்டும். அதுவரைக்கும் நீ என் முன்னாடி வராத, அழுவாத, அம்மான்னு ஆசையாக் கூப்புடாத."

வெளியே விண்ணரசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, உரக்கச் சொன்னாள்:

"சரி. அப்பக் கேட்டுக்க. என் கல்யாணச் சாப்பாட்டுல ஊத்துன ரசம் உன் ரசத்தைவிட நல்லா இருந்துச்சு."

மேஜைத் தட்டிலிருந்து குப்பென்று ஆவி கிளம்பியது. பக்கத்து வீட்டில் பாண்டிச்செல்வி அப்பாடா என்று மூச்சு விட்டாள். தாய்க்கேற்ற மகள்தான், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

விண்ணரசி ராவுத்தர் வீட்டில் தங்கிக்கொண்டாள். காலையும் மாலையும் வேலிக்கு வெளியே வந்து நின்று அம்மா மனசு நோகும்படி ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவாள். கதவுக்கு உள்ளே மரியபுஷ்பம் காதைக் கொடுத்து நின்று வாங்கிக்கொள்வாள். மாமியாரை நானும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன் என்றாள். நீ போட்ட கம்மலைக் கழற்றிவிட்டு அவர்கள் கொடுத்ததைத்தான் போட்டிருக்கிறேன் என்றாள். நீ எடுத்துத் தந்த நீலச் சேலை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, உனக்காகத்தான் கட்டினேன் என்றாள். சுட்டது, ஆனால் சுடுகிற ஒவ்வொன்றிலும் மகளின் வீடு கொஞ்சம் கொஞ்சமாகத் தாய்க்குத் தெரியவந்தது: ஓட்டு வீடு, முற்றத்தில் முருங்கை, அதட்டலும் பாசமுமான மாமியார், புருஷன் ராத்திரி வேன் ஓட்டிவிட்டு வந்தால் அவனே டீ போட்டுக்கொள்வான்.

ஒருநாள் விண்ணரசி, "காய்ச்சல்ல படுத்துக் கெடந்தேன், உன் நெனப்பே வரலை" என்றாள். தட்டில் ஆவி அடங்கிவிட்டது. வலித்திருந்தால் சூடு ஏறியிருக்கும், மரியபுஷ்பத்துக்கு வலிக்கவே இல்லை. பொய் சொல்கிறாள், காய்ச்சலில் அம்மா அம்மா என்று அரற்றியிருக்கிறாள் என்று கதவுக்குப் பின்னால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து "அத்தே!" என்று குரல் வந்ததும் மகள் அவசரமாக வேறு ஒன்றை, நிஜமான ஒன்றைச் சொல்ல வேண்டியதாயிற்று.

நாள் போகப் போக அவளிடம் நோகடிக்கும் சரக்கு தீர்ந்துகொண்டே வந்தது. பிள்ளை தேறிக்கொண்டிருந்தான், ஆனால் முழுசாகத் தேறவில்லை. ஒரு காலையில், பனி கண்ணை மறைத்த நேரத்தில், விண்ணரசி வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்.

"அம்மா, இதைச் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். வாஃபிள் எனக்குத் திங்க ஆசையா இருந்து கேக்கலை. வெள்ளைக்கரு அடிக்கச் சொன்னா நீ அடிச்சுக்கிட்டே இருப்பே, அந்தச் சத்தத்துல கதவு தெறக்கிறது உனக்குக் கேக்காது. அதுக்குத்தான் கேட்டேன்."

கம்பத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள் விண்ணரசி.

"வாசல்ல வந்து நின்னேம்மா. பையைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்தேன். நீ கொஞ்சம் நிறுத்திட்டு, விண்ணுன்னு ஒரு கொரல் குடுத்திருந்தா போயிருக்க மாட்டேன். நீ நிறுத்தவே இல்லை. எனக்காக அடிச்சுக்கிட்டே இருந்தே."

மரியபுஷ்பம் கதவில் சாய்ந்தபடியே கீழே சரிந்து உட்கார்ந்தாள். அந்தக் கையால், அந்த வலிக்கும் தோளால், தன் மகளைத் தானே அனுப்பிவைத்திருக்கிறாள். மேஜையில் தட்டுக்கு அடியில் மரம் கருகிக் கட்டம் கட்டமாகத் தழும்பு விழுந்தது. இன்றைக்கும் போனால் பார்க்கலாம். ராவுத்தர் பால் பொங்கி வழிந்தது, ஃபாதர் அங்கியை உதறிக்கொண்டு வெளியே ஓடி வந்தார், பாண்டிச்செல்வி ரொட்டிகளுக்கு மேலும் மேலும் துணி சுற்றினாள். அந்தச் சூட்டுக்கு அப்புறம் விண்ணரசி வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே நின்று எரிந்தது, பிள்ளை கன்னத்தில் சதை வைத்துக் காலை உதைத்து ஊரே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டு அழக் கற்றுக்கொண்ட வரைக்கும்.

ரோடு திறந்த அன்று நர்ஸம்மா பிள்ளையைத் தூக்கி எடை பார்த்தார். அப்படியே மரியபுஷ்பத்தின் வாசலுக்கு வந்தார். ஊரே பின்னால் வந்தது.

"புள்ள நல்லாருக்கான். இனிமே வெயிலே போதும்" என்றார். "புஷ்பம்மா, இனி நீங்க ஆறலாம்."

தாழ்ப்பாள் திறந்தது. வேலிக்கு வெளியே நின்ற மகளைப் பார்த்து மரியபுஷ்பம், "வாடி. கால் கழுவிட்டு வா" என்றாள், அவ்வளவுதான். உள்ளே கூட்டிப்போய் அந்த மேஜை முன் உட்காரவைத்து, பிறந்தநாள் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். பழம் அப்படியே இருந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது.

"நான் நிறுத்தியிருக்கணும்டி" என்றாள்.

"நான் சொல்லிட்டுப் போயிருக்கணும்மா" என்றாள் மகள்.

"ஊதிச் சாப்புடு."

விண்ணரசி குனிந்து ஊதினாள். ஆவி மெலிந்தது. இன்னொரு தடவை ஊதினாள், நின்றுவிட்டது. அதே நேரத்தில் சட்டைப்பைகளிலும் முழங்கால்களிலும் கோழிக்கூடைகளிலும் பாத்திகளிலும் இருந்த அத்தனை ஜன்னல் ரொட்டிகளும் ஆறின. வாசலில் கூடியிருந்த நாங்கள் எங்கள் எங்கள் ரொட்டியை எடுத்தோம். குளிர்காலம் முழுக்கப் புகழ்ந்த ருசியை முதல் தடவையாக வாயில் போட்டோம்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ராவுத்தர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கஷ்டப்பட்டு விழுங்கினார்.

உள்ளே விண்ணரசி மெதுவாக மென்றுகொண்டே, "அம்மா, எம்புட்டு உப்புப் போட்டே?" என்றாள்.

"எப்பவும் போல ஒரு கை… தோசை மாவுக்குப் போடுற…" என்று ஆரம்பித்த மரியபுஷ்பம் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்த வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது, அழுகைச் சத்தமும் சேர்ந்து வந்தது, எது யாருடையது என்று எங்களுக்குப் பிரித்துத் தெரியவில்லை. மகள் அதை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்று முடித்தாளாம். நாங்கள் அவரவர் வீட்டுக்குப் போய்ப் போர்வையைத் தேடினோம்.

மறுநாள் விடியுமுன் மரியபுஷ்பம் எழுந்து சமையலறைக்கு வந்தாள். உப்புச் சாடியை எடுத்து மேல்தட்டுக்கு ஏற்றினாள். முட்டையை உடைத்தாள், பிரித்தாள், முள்கரண்டியை எடுத்து வெள்ளைக்கருவை அடிக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் அடித்துவிட்டு, சட்டென்று கையை நிறுத்தி, கிண்ணத்தை மடியில் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டாள்.

கூடத்தில் பாய் சரசரத்தது. தூக்கம் கலையாத குரல் வந்தது.

"இங்கதாம்மா இருக்கேன். நீ அடி."